ஆடிச்சுற்றுக்குக் கால்களைத் தயார் செய்வோம்

(சங்கரன்கோவிலில், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு, இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் பொதுமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்னும் ஒரு மாசத்துல கோயில்ல கொடி ஏறிரும். கொடி ஏறினதும் ஆடிச்சுற்று ஆரம்பம். 101 சுற்று, 108 சுற்று. பெரிய நேர்ச்சை வச்சவங்க 501, 1001 என்றுகூடச் சுற்றுவாங்க. கோமதி அம்மன் ஒற்றைக்கால்ல நின்னு தவம் இருக்கா, அவளோட கால்வலியில நாமளும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கிடுவோம் என்பது இந்த ஊர் நம்பிக்கை. ஒரு ஊரே சாமியோட கால்வலியை நினைச்சு நடக்குது. கால்வலிக்கு வைத்தியம் பார்க்கிற எனக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எங்கே கிடைக்கும்?

ஆனா அந்த நேர்ச்சையை நம்ம கால் தாங்குமா என்று யாரும் முன்கூட்டி யோசிக்கிறதில்லை. வருஷம் முழுக்கக் கடைக்குப் போறதுக்கும் வண்டி எடுக்கிறவங்க, கொடி ஏறின அன்னைக்குத் திடீர்னு நடக்க ஆரம்பிக்கிறாங்க. திருவிழா முடிஞ்ச மறுவாரம் முழங்கால் வீங்கி, குதிகால் ஊன்ற முடியாம வந்து நிக்கிறாங்க. அதுக்குப் பயந்துகிட்டு "எனக்கு மூட்டுத் தேய்மானம், இனி நடக்கவே கூடாது" என்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துட்டவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் செய்றது மூட்டுக்கு நல்லதில்லை. சொல்லப்போனா, உட்கார்ந்துட்டவங்க பாடுதான் நாளாக நாளாக மோசமாகுது.

முதல்ல ஒரு கணக்குப் போடுவோம். எல்லார் கையிலயும் போன் இருக்கு. நாளைக்குக் காலையில வரைபடச் செயலியிலோ, நடையை அளக்கிற செயலியிலோ கோயிலை ஒரு சுற்று சுற்றி எத்தனை மீட்டர் என்று பாருங்க. உதாரணத்துக்கு 400 மீட்டர் என்று வச்சுக்கிட்டா 108 சுற்று 43 கிலோமீட்டருக்கு மேல வருது. மாரத்தான் ஓட்டமே 42 கிலோமீட்டர் 195 மீட்டர்தான். அதுக்கு மாசக்கணக்கா பயிற்சி எடுத்துட்டுப் போறாங்க. நாம எந்தப் பயிற்சியும் இல்லாம, செருப்பும் இல்லாம இறங்கிருதோம். அதே 108 சுற்றைத் திருவிழாவோட 12 நாளுக்கும் பிரிச்சா ஒரு நாளைக்கு 9 சுற்றுதான். காலையில 5, சாயங்காலம் 4. அம்மன் கணக்குல குறையாது. உங்க முழங்காலுக்கும் ஒண்ணும் ஆகாது.

சரி, இந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லுக்கு வருவோம். எங்க துறையில நிறையப் பேரை முடக்கிப்போட்ட சொல் இதுதான். தேய்மானம் என்றதும் வண்டி டயர் ஞாபகம் வருது. ஓடினா தேயும், நிறுத்தி வச்சா தேயாது என்று நினைச்சுக்கிடுதோம். முழங்கால் டயர் இல்லைங்க. மூட்டுக்குள்ள எலும்போட முனையை மூடியிருக்கிற குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டுக்குள்ள இருக்கிற வழவழப்பான நீர்தான் அதுக்குச் சாப்பாடு. அந்த நீர் உள்ளே போகணும்னா மூட்டு அமுங்கணும், விடணும். பஞ்சைத் தண்ணியில போட்டு அமுக்கி விடுற மாதிரி. நடக்கும்போது அதுதான் நடக்குது. அசையாத மூட்டு பட்டினி கிடக்குது என்று சொன்னா தப்பில்லை.

இன்னொண்ணு, எக்ஸ்ரே படத்தையும் வலியையும் ஒண்ணாக் குழப்பிக்காதீங்க. படத்துல நல்லாவே தேய்மானம் தெரியும், ஆனா அவங்க தோட்டத்துல வேலை பார்த்துட்டு இருப்பாங்க. படத்துல லேசாத்தான் இருக்கும், ஆனா படி ஏற முடியாது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியமான காரணம் தசை. முழங்காலுக்கு மேல, தொடையோட முன்பக்கம் இருக்கிற தசைதான் ஒவ்வொரு அடியிலும் வர்ற அதிர்ச்சியை வாங்குது. அது வலுவா இருந்தா மூட்டுக்குப் பாரம் குறைவு. 30 வயசுக்கு மேல, ஒண்ணும் செய்யாம இருந்தா, பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைஞ்சுகிட்டே வருது. அறுபதுல தரையில உட்கார்ந்து எழுந்திருக்கக் கஷ்டப்படுறதுக்கு வயசு மட்டும் காரணமில்லை. முப்பது வருஷமா அந்தத் தசைக்கு நாம வேலை கொடுக்கலை.

இப்போ ஒரு சின்னச் சோதனை. நாற்காலியில இருக்கிறவங்க கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கிட்டு, எதையும் பிடிக்காம எழுந்திருங்க பார்ப்போம். முடியாதவங்க வெட்கப்பட வேண்டாம், உட்காருங்க. இந்தச் சோதனையேதான் பயிற்சியும். பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்க. முடியாதவங்க உயரமான நாற்காலியில, தொடையில கை ஊன்றி ஆரம்பிச்சு, வாரவாரம் கை உதவியைக் குறைங்க.

முழங்கால் வலி அதிகமா இருக்கிறவங்க படுத்துக்கிட்டே செய்யலாம். முழங்காலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சு, அதைக் கீழே அமுக்கி அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிங்க, விடுங்க. அடுத்து, காலை நீட்டினபடியே ஒரு சாண் தூக்கி அஞ்சு எண்ணி மெதுவா இறக்குங்க. பத்துப் பத்து தடவை, காலையிலும் சாயங்காலமும். குதிகாலை உயர்த்தி நுனிக்கால்ல நிக்கிறதையும் சேர்த்துக்கங்க. கெண்டைக்கால் தசைக்கு அது நல்லது. அடுப்படியில பால் பொங்குற வரைக்கும் மேடையைப் பிடிச்சுக்கிட்டே செய்யலாம். தனியா நேரம் ஒதுக்கச் சொன்னா நம்ம வீட்டுப் பெண்கள் செய்யமாட்டாங்க, எனக்குத் தெரியும்.

பிறகு, அம்மன் மாதிரி ஒற்றைக்கால். பக்கத்துல சுவர் இருக்கணும். ஒரு காலைத் தூக்கி 10 விநாடி நில்லுங்க. பிரேசில் நாட்டுல 51 முதல் 75 வயசு வரை உள்ள 1,702 பேரை இப்படி நிக்கவச்சுப் பார்த்து, 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. 10 விநாடி நிக்க முடியாதவங்ககிட்ட அடுத்த சில வருஷத்துல இறப்பு கூடுதலா இருந்தது. உடனே "நான் நிக்கலையே, அவ்வளவுதானா?" என்று பயப்படாதீங்க. நிக்க முடியாததே இறப்புக்குக் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லலை. உடம்போட மொத்த நிலைமைக்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். ஆனா தடுமாறி விழாம இருக்கிறதுக்குச் சமநிலை வேணும், பழகினா அது வரும். பல் தேய்க்கும்போது காலைக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு நின்னு பழகுங்க.

எவ்வளவு வலிச்சா நிறுத்தணும் என்று எல்லாரும் கேட்பாங்க. நான் சொல்றது: செய்யும்போது லேசா வலிச்சாப் பரவாயில்லை. மறுநாள் காலையில எழுந்திருக்கும்போது எப்படி இருக்கு என்று பாருங்க. பழையபடி இருந்தா நேத்துச் செஞ்ச அளவு சரி. வீக்கமோ வலியோ கூடியிருந்தா அளவைப் பாதியாக் குறைங்க, நிறுத்திராதீங்க. ஆடிச்சுற்றுக்கும் இதே கணக்குதான். இன்னைக்கு ரெண்டு சுற்றுல ஆரம்பிச்சு, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு சுற்று என்று கூட்டிக்கிட்டே போனா, கொடியேற்றத்துக்குள்ள 9 சுற்று கைவந்துரும். வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சியும், ரெண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டுற பயிற்சியும் வேணும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தினம் அரைமணி நேரம், வாரத்துக்கு அஞ்சு நாள் நடந்தா அந்த 150 வந்துருச்சு.

உடல் எடை கூடுதலா இருக்கிறவங்களுக்கு ஒரு நல்ல சேதி. எடையில ஒரு கிலோ குறைஞ்சா, நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நாலு கிலோ பாரம் குறையுது. அஞ்சு கிலோ குறைச்சா அடிக்கு இருபது கிலோ! சாப்பாட்டைப் பொறுத்தவரை பெரிசாச் சொல்ல ஒண்ணுமில்லை. நம்ம பக்கத்து உளுந்தங்களி, பயறு, முட்டை, மீன் எல்லாம் தசைக்கு நல்லதுதான். பிரண்டைத் துவையலும் சாப்பிடுங்க. ஆனா துவையல் சாப்பிட்டதால நடக்க வேண்டாம் என்று ஆயிராது.

இந்த ஊர்ல விசைத்தறியில நிக்கிறவங்க நிறையப் பேர் இருக்கீங்க. சிமெண்டுத் தரையில மணிக்கணக்கா நின்னா இடுப்பும் கெண்டைக்காலும் கடுக்கத்தான் செய்யும். காலடியில ஒரு செங்கல்லோ மரக்கட்டையோ போட்டு, ஒரு காலை அதுமேல வச்சு, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்க மாத்தி மாத்தி நில்லுங்க. இடுப்புக்கு அது தெரியும். பீடி சுத்துற தாய்மார்களுக்குக் கழுத்தும் விரலும்தான் பிரச்சினை. அரைமணிக்கு ஒருதரம் சுளகை இறக்கி வச்சுட்டு எழுந்து நின்னு, தோளைப் பின்னாடி சுழற்றிட்டு உட்காருங்க. அம்மா சுளகு மேல குனிஞ்சிருக்காங்க, பக்கத்துல மகள் போன் மேல குனிஞ்சிருக்கா. கழுத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். நம்ம தலையோட எடை ஏறத்தாழ 5 கிலோ. 60 பாகை குனிஞ்சா கழுத்து 27 கிலோ தாங்குற மாதிரி ஆகுது என்று 2014-ல் ஒரு முதுகெலும்பு மருத்துவர் கணக்குப் போட்டுச் சொன்னார். கணக்கு முன்னப்பின்ன இருக்கலாம், ஆனா போனைக் கண்ணுக்கு நேரா உயர்த்திப் பிடிக்கிறதுக்குக் காசா பணமா?

அடுத்தது காயம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லணும். கூட்டத்துல கால் பிசகுது, கணுக்கால் வீங்குது. உடனே நம்ம ஊர்ல என்ன செய்வாங்க? யாராவது ஒருத்தர் காலைப் பிடிச்சு, தைலத்தை ஊத்தி, சுளுக்கு வழிக்கிறேன் என்று உருவி இழுப்பாங்க. தவிட்டு ஒத்தடம் கொடுப்பாங்க. தவிட்டு ஒத்தடத்துக்கு நான் எதிரி இல்லை. நாள்பட்ட வலிக்கு அது சுகமாத்தான் இருக்கும். ஆனா பிசகின முதல் ரெண்டு நாள் சூடும் வேண்டாம், உருவவும் வேண்டாம். உள்ளே தசைநார் கிழிஞ்சு ரத்தம் கசிஞ்சுகிட்டு இருக்கு. சூடும் தேய்ப்பும் அந்தக் கசிவைக் கூட்டும்.

அதுக்குப் பதிலா உட்கார்ந்து, காலை ரெண்டு தலையணை மேல நெஞ்சுக்கு மேல வர்ற மாதிரி தூக்கி வைங்க. மருந்துக்கடையில கிரேப் பேண்டேஜ் வாங்கி, விரல்ல இருந்து மேல்நோக்கி அளவான இறுக்கத்துல சுத்துங்க. வலிக்கு ஐஸ் வைக்கலாம். ஜூஸ் கடையில நாலு கட்டி வாங்கினாப் போதும். துணியில சுத்தி, 10 நிமிஷம், நேரா தோல் மேல வேண்டாம். 'ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல்' என்ற இந்த முறைக்கு 1978-ல் ஆங்கிலத்துல சுருக்கப்பெயர் வச்ச அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், முழு ஓய்வும் அளவுக்கு மீறின ஐஸும் காயம் ஆறுறதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்துல அவரே சொன்னார். அதனால ரெண்டு மூணு நாளைக்கு மேல காலை முடக்கிப் போடாதீங்க. வீக்கம் வடிய ஆரம்பிச்சதும், கட்டை விரலால காத்துல அ, ஆ, இ, ஈ எழுதுங்க. அஃகன்னா வரைக்கும் எழுதினா கணுக்கால் எல்லாப் பக்கமும் அசைஞ்சுரும். வலி குறைஞ்சதும் அந்தக் கால்ல ஒற்றைக்கால் பயிற்சி. இதைச் செய்யாம விடுறவங்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுது. கிழிஞ்ச தசைநார் ஆறிரும், ஆனா மேடு பள்ளத்துல சட்டுனு சுதாரிக்கிற பழக்கத்தை அதுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்கணும்.

இது சுளுக்கா, எலும்பு முறிவா? கனடா நாட்டு மருத்துவர்கள் 1992-ல் வகுத்த ஒரு முறையை இன்னைக்கும் மருத்துவமனைகள்ல பயன்படுத்துறாங்க. எளிமையாச் சொல்றேன். அடிபட்ட கால்ல நொண்டியாவது நாலு அடி எடுத்துவைக்க முடியலையா? கணுக்கால்ல ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு இருக்கிற எலும்போட பின்விளிம்பை அமுக்கினா உயிர் போகுதா? இதுல ஒண்ணு இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாகணும். கால் கோணி இருந்தா, விரல் மரத்துப்போய் நீலமா மாறினா, எதுக்கும் காத்திருக்க வேண்டாம். அடியே படாம ஒரு மூட்டு மட்டும் வீங்கிச் சூடா இருந்து, கூடவே காய்ச்சலும் வந்தா, அதுவும் அவசரம்தான். மூட்டுக்குள்ள கிருமி போயிருக்கலாம். அது சில நாள்லயே மூட்டைக் கெடுத்துரும்.

நாட்டு எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போடுறவங்க இருக்கீங்க. வேண்டாம் என்று நான் சொன்னாலும் போகத்தான் செய்வீங்க. முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுங்க. எங்கே கட்டுப் போட்டாலும், மாவுக்கட்டா இருந்தாலும், அன்னைக்கு ராத்திரி தூங்காம விரலைப் பாருங்க. விரல் மரத்து, வெளுத்து, விரலை யாராவது நீட்டினா தாங்க முடியாத வலி வந்தா, கட்டு உள்ளே ரத்த ஓட்டத்தை நெரிக்குது. "காலையில பார்க்கலாம்" என்று விட்டா, ஆறு மணி நேரத்துல தசை சாக ஆரம்பிச்சுரும். குழந்தைகளோட முழங்கை முறிவுல இப்படித்தான் கை சூம்பிப் போகுது. கட்டை உடனே தளர்த்தணும், ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

வலி மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. மருந்துக்கடையில "ரெண்டு வலி மாத்திரை குடுங்க" என்று மாசக்கணக்கா வாங்கிச் சாப்பிடுறது சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவங்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பேர் தெரியாத பொடி தின்னு ரெண்டே நாள்ல வலி பறந்துபோச்சு என்று யாராவது சொன்னா, அதுல ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்க.

வீட்டுல வயசானவங்க வழுக்கி விழுந்து, இடுப்புல அடிபட்டு, எழுந்திருக்க முடியலைன்னு வைங்க. "வயசாயிட்டு, இனி என்ன செய்ய" என்று கட்டில்ல போட்டுட்டு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க. அது பெரும்பாலும் தொடை எலும்போட மேல்முனை முறிவா இருக்கும். கூடுமானவரை ரெண்டு நாளைக்குள்ள அறுவை சிகிச்சை செஞ்சா, பல பேர் திரும்ப நடக்கிறாங்க. படுக்கையிலேயே போட்டா படுக்கைப்புண், நுரையீரல்ல சளி, கால்ல ரத்தக்கட்டி என்று ஒண்ணு மேல ஒண்ணு வந்துரும். எண்பது வயசுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. 108-ஐக் கூப்பிடுங்க. இங்கே நம்ம அரசு மருத்துவமனையில காட்டினா, தேவைப்பட்டா தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவாங்க.

செலவை நினைச்சுத் தயங்குறவங்களுக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் அந்தப் பட்டியல்ல இருக்கு. சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிடலாம். அட்டை இல்லாதவங்க விழுந்த பிறகு அலையாம, இப்பவே வாங்கி வச்சுக்கங்க. சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாட்டாலும், பட்டியல்ல உள்ள மருத்துவமனைகள்ல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தறிக்கும் தோட்டத்துக்கும் பைக்குல போற தம்பிமார்கள் இதைத் தெரிஞ்சு வச்சுக்கிடணும்.

பக்கவாதம் வந்தோ, எலும்பு முறிஞ்சோ வீட்டைவிட்டு வெளியே வர முடியாம இருக்கிறவங்களுக்கு, 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருது. மாத்திரை கொண்டு வர்ற தன்னார்வலர் அக்காவைத் தெரிஞ்ச அளவுக்கு, இதுல பிசியோதெரபியும் இருக்கு என்று பல பேருக்குத் தெரியலை. உங்க தெருவுக்கு வர்ற தன்னார்வலர்கிட்டயோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைக் கொடுங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104 எண் இருக்கு. இ-சஞ்சீவனி செயலியில வீட்டுல இருந்தே மருத்துவர்கிட்ட இலவசமா வீடியோவில பேசலாம். பாட்டிக்குப் போன் பிடிச்சுக் கொடுக்கிறது பேரப்பிள்ளைங்க பொறுப்பு.

கடைசியா, சுற்று சுற்றுற நாளுக்கு ரெண்டு விஷயம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடியோ, சாயங்காலமோ நடங்க. வெறுங்கால் என்பதால தரை சுடும். சர்க்கரை உள்ளவங்களுக்குப் பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், முள் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் தெரியாது. தினம் சுற்றி முடிச்சதும் காலைக் கழுவித் துடைச்சு, உள்ளங்காலைப் பாருங்க. குனிஞ்சு பார்க்க முடியலைன்னா போன் கேமராவுல படம் எடுத்துப் பாருங்க, அதுக்கும் போன் உதவும்.

கேள்வி இருக்கிறவங்க கேளுங்க. அதுக்கு முன்னாடி, இப்போ முழங்கால் வீக்கத்தோட வந்திருக்கிறவங்க மட்டும் முன்வரிசைக்கு வந்து உட்காருங்க. ஒவ்வொருத்தரும் எத்தனை சுற்றுல ஆரம்பிக்கலாம் என்று பார்த்துச் சொல்றேன்.